கீச்சை விழுங்கும் ஆம்ப்ளிஃபயர்

என் வீட்டுக்காரர் தேவநாதன் எனக்காகக்கூட இத்தனை இடம் ஏறி இறங்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து சினிமா பார்க்க ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பியவர், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு கடை பாக்கியில்லாமல் ஏறி, எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துவிட்டு வந்தார். என்னிடம் இல்லாத குறையா அந்தப் பெட்டிகளிடம் இருந்துவிடப் போகிறது என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

நடுத்தர விலையில் ஒரு பொருளை வாங்குவது போல அவஸ்தை வேறு கிடையாது. மலிவானதைக் கேட்பவனிடம் கடைக்காரன் பேச்சு வளர்க்க மாட்டான், பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவான். பெரிய பணக்காரனிடமும் பேச மாட்டான், ஏசியில் உட்காரவைத்துக் காபி கொடுப்பான். நடுவில் மாட்டிக்கொண்ட நம்மிடம்தான் "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா அடுத்த மாடலே வந்துடும் சார்" என்று ஆரம்பிப்பான். அந்த அடுத்த மாடலுக்கும் ஒரு அடுத்த மாடல் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் கேட்டதோ மிகச் சாதாரணம். ஐந்து ஸ்பீக்கரும் அடிவயிற்றில் உறுமுகிற ஒரு பெட்டியும் அதில் ஓட வேண்டும், வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

வசனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வடக்குப்பட்டில் வீடு கட்டி, மாடி அறையை வாடகைக்கு விட்டு, போன தீபாவளி போனஸில் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினோம். வாங்கிய வாரத்திலிருந்து ஒரே புலம்பல்.

"இன்னா பேசறானுங்கன்னே புரியல தேவி. வாயில வெத்தலைய அடக்கிகினு பேசற மாதிரி கீது."

உடனே சத்தத்தைக் கூட்டுவார். அடுத்த காட்சியில் சண்டை வரும், அலமாரியில் இருக்கிற தம்ளரெல்லாம் ஆடும். மாடியில் குடியிருந்த இசக்கிபாண்டி ஒருநாள் இறங்கி வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இவருடைய கம்பெனியில்தான் வேலை.

"மதினி, படம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் போலீசுக்காரன் எதுக்குச் செத்தான்னு மட்டும் அண்ணாச்சிட்ட கேட்டுச் சொல்லுங்க. அந்த நேரம் பாத்து மோட்டாரப் போட்டுட்டீங்க."

தரை வழியாகவே முழுப் படத்தையும் கேட்டிருக்கிறான். அதற்கு நான் வாடகையை ஏற்றியிருக்க வேண்டும்.

டிவியில் இருக்கிற ஸ்பீக்கர் குப்பை, தனி ஆம்ப்ளிஃபயர் போட்டால்தான் சரிவரும் என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சத்தம் சம்பந்தமாக இவர் தீர்ப்புச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், லைனிலிருந்து முடிந்து வருகிற வண்டிகளில் எங்கே கடகடக்கிறது, எங்கே கீச்சிடுகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடிப்பதுதான் இவர் வேலை. மேடுபள்ளம் போட்டு வைத்த தனித் தடத்தில் இசக்கிபாண்டி வண்டியை ஓட்டுவான். இவர் பக்கத்தில் சாமியார் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "லெஃப்ட் டோர், உள்ளாற, மேல் கிளிப்பு" என்பார். பிரித்துப் பார்த்தால் அந்தக் கிளிப்தான் லூஸாக இருக்கும். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'காது'. மேனேஜர் முதல் கேன்டீன்காரர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடச் சொந்தக்காரன் எவனாவது காரைக் கொண்டுவந்து நிறுத்தி, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க மாமா என்பான். இவர் பந்தியை விட்டுவிட்டுப் போவார், இவருடைய பாயசத்தையும் நானே குடிப்பேன்.

அந்தக் காதுக்கு வருஷத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. கம்பெனி மெடிக்கல் சென்டரில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் ஹெட்போனை மாட்டி உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். தேறாதவர்களை அந்தப் பிரிவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இவருக்கு முன்னால் 'காது' என்று பெயர் வாங்கியிருந்தவர் சண்முகசுந்தரம். அவர் போன வருஷம் தேறவில்லை. ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளத்தில் ஒரு குறைச்சலும் இல்லை, ஆனால் மனுஷர் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாராம். அதை எங்கள் வீட்டுக்காரர் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் உள்ளே போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயமில்லை அது, அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம். இந்த வருஷப் பரீட்சையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

நானும் சும்மா இல்லை. பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அளவுக்கருவி அறை என் பொறுப்பு. லைனில் இருப்பவர்கள் வைத்து அளக்கிற கேஜ், மைக்ரோமீட்டர் எல்லாம் முறை வைத்து என்னிடம் வரும். சரியாக அளக்கிறதா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். சரியில்லை என்றால் சிவப்பு. சிவப்பை ஒட்டினால் சூப்பர்வைசர் வந்து கெஞ்சுவார், ஒரே ஒரு ஷிஃப்ட் ஓட்டிக்கறேன் மேடம் என்பார். நான் மசிய மாட்டேன். என்னை அங்கே என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது.

சரி, ஆம்ப்ளிஃபயருக்கு வருகிறேன். மற்றவர்கள் கடைக்குப் போனால் ஒரு பாட்டுப் போட்டுக் கேட்பார்கள், ஒரு சண்டைக் காட்சி போட்டுக் கேட்பார்கள். இவர் ஒரு பென் டிரைவ் எடுத்துக்கொண்டு போனார். அதில் பாட்டும் இல்லை, படமும் இல்லை. வருஷக்கணக்காக அவர் வண்டிகளில் பதிவு செய்து வைத்த சத்தங்கள். டேஷ்போர்டு கடகடப்பது, சீட் பெல்ட் கொக்கி தட்டுவது, கதவு ரப்பர் கண்ணாடியில் உரசிக் கீச்சிடுவது. லட்சணமான ஆம்ப்ளிஃபயரில் அதையெல்லாம் போடச் சொல்லி, இருட்டறையில் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். கார் கம்பெனிக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி போகாது. கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, இவர் வண்டியை நிறுத்துகிறபோதே உள்ளே போய் ஒளிய ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்து ஒரே மாதிரி தீர்ப்பு.

"கடகடன்னு வர்றதெல்லாம் ஷோக்கா வருது தேவி. கீச்சு மட்டும் வரல. முழுங்கிடுது."

"எது முழுங்குது?"

"ஆம்ப்ளிஃபயருதான். கண்ணாடி ரப்பர் கீச்சு எப்படி இருக்கும், ஊசி மாதிரி இருக்கும். இதுல வழவழன்னு கீது. ஜப்பான்காரன் பெட்டின்னு பேரு, ஒண்ணியும் இல்ல."

அடுத்த ஞாயிறு வேறு கடை, வேறு கம்பெனிப் பெட்டி, அதே தீர்ப்பு. கூடவே போய்க்கொண்டிருந்த இசக்கிபாண்டியைக் கேட்டேன். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் மதினி" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினான். அவன் இவ்வளவு பணிவானவன் இல்லை.

கடைசியில் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மறைமலை நகரில் ஜிஎஸ்டி ரோட்டோரம் புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் ஒரு வண்டியில், இசக்கிபாண்டி அவன் வண்டியில். கடையில் தாவீது என்று ஒரு விற்பனையாளர், நெற்றியில் வேர்வையும் வாயில் சிரிப்புமாக நல்ல மனுஷர். மற்ற கடைக்காரர்கள் அவருக்கு எங்களைப் பற்றிச் சொல்லவில்லை போலிருக்கிறது, பாவம். வரிசையாக வெவ்வேறு கம்பெனிகளின் நடுத்தரப் பெட்டிகளை வைத்து, ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்கிற மாதிரி அமைத்திருந்தார். நான் நடுவில் உட்கார்ந்தேன். இவர் பென் டிரைவைக் கொடுத்தார்.

முதலில் கடகடப்பு வந்தது. நிஜமாகவே யாரோ என் மடியில் டேஷ்போர்டைக் கழற்றிப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு அந்தக் கீச்சு.

என் பல்லெல்லாம் கூசியது. சிலேட்டில் ஆணியால் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், நேரே மண்டைக்குள் இறங்கியது. தாவீது ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இசக்கிபாண்டி தோளைக் காதுவரைக்கும் தூக்கினான்.

எங்கள் வீட்டுக்காரர் அமைதியாகக் கண்ணைத் திறந்து, "பாத்தியா தேவி? இதுலயும் கீச்சு இல்ல" என்றார்.

தாவீது அடுத்த பெட்டிக்கு மாற்றினார். அதே கீச்சு, அதே கூச்சம். "இதுவும் முழுங்குது" என்றார் இவர். அதற்கடுத்த பெட்டி. "இதுவும்தான்."

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சப்ளையர் அனுப்பிய பாகம் அளவில் குறைந்தால் பாகத்தைத் திருப்பி அனுப்புவோம். எல்லா சப்ளையர் பாகமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி குறைந்தால் பாகத்தைத் தொட மாட்டோம். அளக்கிற கேஜைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவோம். தினமும் இதையே செய்கிற எனக்கு அந்தச் சோபாவில்தான் அது உறைத்தது. வாஷிங் மெஷின் முடிந்து கத்திக் கத்தி ஓய்ந்தாலும் மனுஷர் அசையாமல் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. சோம்பேறித்தனம் என்று திட்டுவேன். பாதி அதுவும்தான், ஆனால் மீதிப் பாதி காது, ஊசி மாதிரி மெல்லிய சத்தம் அதில் ஏறவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பிரஸ் ஷாப்பில் தகரத்தை இடிக்கிற மெஷின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர். காதடைப்பானைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கப் போட்டுக்கொள்வார்கள். சேஃப்டி ஆபீசர் வருகிறார் என்றால் காதில் போகும், அவர் போனதும் கழுத்துக்கு வரும். அங்கே எல்லாரும் அப்படித்தான்.

அடுத்த மாதம் பரீட்சை.

"சார், இது நல்லாத்தானே..." என்று தாவீது ஆரம்பித்தார்.

"எனக்கும் கேக்கல" என்றேன் நான்.

இசக்கிபாண்டி என்னைப் பார்த்தான். நான் அவனை முறைத்தேன். "ஆமா, கீச்சே இல்ல" என்று அவனும் சேர்ந்துகொண்டான்.

தாவீதின் முகத்தைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது. வயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். சத்தத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்ட எங்கள் மூன்று பேர் மண்டையும் பிளந்தது. "இப்ப மேடம்?" "ஊஹூம்." "இப்ப?" "கொஞ்சம்கூட இல்லீங்க." கண்ணில் தண்ணீர் வரவர நானும் இசக்கிபாண்டியும் அந்த நல்ல ஸ்பீக்கரைச் செத்துப்போனதாகச் சாதித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பிரிவில் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனது.

எங்கள் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் மயிர் குத்திட்டு நின்றிருந்தது. அதை என்னால் பொய் சொல்ல வைக்க முடியவில்லை. அவர் எழுந்து பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்பறம் வர்றோம்பா" என்று வெளியே நடந்தார்.

ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டீ வந்து ஆடை கட்டியது.

"சொல்லு" என்றார் என்னிடம்.

"இன்னா சொல்றது?"

"உங்க ரூம்ல இன்னா சொல்லுவீங்க? எல்லா பார்ட்டும் ஒரே மாதிரி ரிஜெக்ட் ஆனா?"

அவரே சொன்னார். "கேஜு பூட்ச்சு."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அந்தக் கழுதைக் காதடைப்பானைக் காதுல மாட்டுங்க, கழுத்துல மாட்டாதீங்கன்னு எத்தினி தபா சொல்லியிருப்பேன்! கழுத்துக்கா கேக்குது சத்தம்?" என்று கத்திவிட்டேன். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

இவர் இசக்கிபாண்டி பக்கம் திரும்பினார். "உனக்கு மொதல்லருந்தே கேட்டுதாடா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி. மொத கடையிலயே பல்லு கூசிச்சு. நீங்க இல்லன்னு சொல்லும்போது நான் எப்படி இருக்குன்னு சொல்லுவேன்? எனக்குத்தான் என்னமோ கோளாறுன்னு நெனச்சேன்."

"வண்டியில?"

இசக்கிபாண்டி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, ட்ராக்ல ஓட்றியே, வண்டியில உனக்குக் கேட்டு, நான் ஓகே போட்டது கீதா?"

"கொஞ்சம் போயிருக்கு அண்ணாச்சி" என்றான். "இந்த வருசந்தான்."

அந்தக் கேள்விக்கு முன்னால் அவர் முகத்தில் ஒரு கோபம் இருந்தது, பதிலுக்குப் பிறகு அதுவும் இல்லை. கீச்சோடு போன வண்டியை எவனோ வாங்கி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்க்கொண்டு, எங்கே கத்துகிறது என்று தேடிக்கொண்டிருப்பான். டீலரிடமிருந்து புகார் வந்தபோதெல்லாம், அவனுங்களுக்குக் காது கிடையாது என்று இவர் சிரித்தது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

இசக்கிபாண்டிதான் வழி சொன்னான். வழி என்றால் குறுக்கு வழி. "அண்ணாச்சி, டெஸ்ட்ட நெனச்சுக் கவலப்படாதீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் சுவிட்சத் தட்டும்லா, தோள் லேசா அசையும். அதப் பாத்து நீங்க பொத்தான அமுக்குங்க. பிரஸ் ஷாப்ல பாதிப் பேரு அப்படித்தான் பாஸ் ஆவுதாங்க."

"நல்லாத்தானே கீது, அப்படியே பண்ணுங்க" என்றேன் நான்.

சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஷிஃப்டுக்குக்கூட எவனுக்கும் விட்டுக்கொடுக்காத நான், கெட்டுப்போன கேஜுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறேன். பரவாயில்லை என்றுதான் அப்போதும் தோன்றியது. சூப்பர்வைசர் கெஞ்சுவது பாகத்துக்காக. இவர் என் புருஷன். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற இவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பரீட்சை வரும் வரைக்கும் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் என்ற பேச்சே இல்லை. டிவியையும் போடவில்லை. மாடியிலிருந்து இசக்கிபாண்டி, "படம் ஒண்ணும் ஓடலையா மதினி?" என்று கேட்டான், நான் போய் மோட்டாரைப் போட்டேன். பரீட்சை அன்றைக்குக் காலையில் இவர் கம்பெனி பஸ் ஏறும்போது, "தோளைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுக்களைக்கு வந்தார். நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தோள் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது. ஒவ்வொரு தட்டுக்கும் அசையுது."

"அப்ப பாஸா?"

"கண்ண மூடிக்கினேன்."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"வண்டியில கண்ண மூடித்தானே கேப்பேன். அப்படியே கேட்டேன். கொஞ்சம் கேட்டுது. அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணியும் கேக்கல. சிஸ்டரே கதவத் தொறந்து தட்டிக் கூப்புட்டுது" என்றார். பிறகு, "தண்ணி டெஸ்டுக்கு மாத்தறாங்களாம். கார் மேல தண்ணிய அடிச்சு எங்க ஒழுகுதுன்னு பாக்கணும். அதுக்குக் கண்ணு போதும்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டேன். கையில் கத்திரிக்காய் ஒட்டியிருந்தது, அவருடைய யூனிஃபார்மெல்லாம் விதை.

தண்ணி டெஸ்டில் முதல் வாரம் முழுக்கத் தொப்பலாக நனைந்து வந்தார். யாரும் 'காது' என்று கூப்பிடவில்லையாம், பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். தேவநாதன் என்று கூப்பிட்டால் வேறு யாரையோ என்று திரும்பிப் பார்க்கிறேன் என்றார். மத்தியானம் கேன்டீனில் எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டேன். சண்முகசுந்தரம் எதிரே என்றார். அந்த மனுஷர் கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் சாப்பிடுகிறாராம். டாக்டர் காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதைத் தேர்ந்தெடுக்க எத்தனை கடை ஏறப் போகிறாரோ, பெருமாளே.

பிறகு ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்ததும் அவரே, "கெளம்பு, மறைமலை நகர் போலாம்" என்றார்.

"எதுக்கு?"

"ஆம்ப்ளிஃபயர் வாங்கத்தான்."

"உங்களுக்கு எதுக்கு இப்ப?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு இல்ல. இத்தினி மாசமா கடைகடையா ஏறிட்டு வாங்காம விட்டா, தாவீது எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிப்பான்."

எங்களைப் பார்த்ததும் தாவீது இரண்டடி பின்னால் போனார். "சார், பென் டிரைவ்..." என்று இழுத்தார். கொண்டுவரவில்லை, ஏதாவது நல்ல படம் போடுப்பா என்றார் இவர். என்னை நடுவில் உட்கார வைத்தார். இவர் என் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்தார். இது என்ன கோலம் என்றேன். நீ படத்தைப் பார் என்றார்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் சண்டை போடுகிற காட்சி. முதல் பெட்டியில் ஓடியது. "நல்லாத்தான் கீது. ஆனா அந்த அக்கா ஏன் கெணத்துக்குள்ள நின்னுகினு பேசுது?" என்றேன். தாவீது மாற்றினார். இரண்டாவதில் வசனம் புரிந்தது, ஆனால் பின்னால் வந்த வாத்தியமெல்லாம் என் மேல் வந்து விழுந்தது. அதைச் சொன்னேன். அந்த மருமகள் கட்டியிருக்கிற புடவையைப் பற்றியும் சொன்னேன், மாமியார் செய்வது நியாயமில்லை என்றும் சொன்னேன். தாவீது மூன்றாவது பெட்டிக்கு மாற்றினார்.

சண்டை முடிந்து மருமகள் வாசலுக்கு வந்து நின்றாள். வெளியே மழை. பேச்சே இல்லை, எங்கோ இடி, மற்றபடி மழை மட்டும்தான். முன்னாலும் பெய்தது, எனக்குப் பின்னாலும் பெய்தது.

"இதுக்கு பில் போடு தாவீது" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது இது நல்லா கீதுன்னு?"

"நீ வாய மூடிட்ட. கல்யாணம் ஆனதுலருந்து நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

தாவீது சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் புத்தகத்தை எடுக்கப் போனார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. இவர் இப்போதுதான் முக்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மழையா பெய்யுது?"

"ஆமா."

"எனக்கு இடி மட்டும் கேக்குது தேவி. மழை எப்படி கீது?"

அவர் காதுப் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் உரக்கவே, சொல்ல ஆரம்பித்தேன். ஓட்டின் மேல் பெய்வது ஒரு மாதிரி, கீழே வாழை இலை மேல் விழுவது வேறு மாதிரி, ஓரத்தில் எங்கேயோ தகரத்தின் மேல் சொட்டுச் சொட்டாகச் சொட்டுகிறது என்றேன்.

"தகரம் எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்ல. கொஞ்சம் பின்னால."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ம், சொல்லு" என்றார்.